முப்பத்தைந்தில் வைத்துப் பார்

சென்னை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கடல்மீன் தொட்டி வைத்து மூன்று மாதம் தாண்டிவிட்டதும், கோமாளி மீன் இரண்டும் நன்றாகத் தின்பதும் சந்தோஷம். தண்ணீரின் உப்பளவைப் பார்த்தால், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.023 காட்டுகிறது, ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 36 காட்டுகிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு இரண்டையுமே நம்பாதே. தொட்டியில் உப்பையோ நல்ல தண்ணீரையோ ஊற்றிவிடவும் வேண்டாம்.

நமக்கு வேண்டியது 35 பிபிடி, அதாவது ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு. அடர்த்தி எண்ணில் சொன்னால், 25 டிகிரியில் 1.0264. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைக் காட்டும் மின்கடத்து மீட்டரில், சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ்.

ரிஃப்ராக்டோமீட்டரை, உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் விட்டு பூஜ்யத்தில் நிறுத்தியிருப்பாய். பெட்டியோடு வரும் தாளும் அதைத்தான் சொல்லும். கோளாறு அங்கேதான். மலிவான கருவிகள் பெரும்பாலும் சாப்பாட்டு உப்புக் கரைசலுக்காகச் செய்தவை, கடல்நீருக்கு அல்ல. பூஜ்யம் கச்சிதமாக இருந்தாலும், அசல் 35 பிபிடி கடல்நீரை அவை 36.5 என்று காட்டும். அந்தக் கருவியில் 35 வரும்படி வைத்தால் தொட்டியில் உண்மையில் இருப்பது 33.5தான். அதனால் நாம் பயன்படுத்தும் இடத்தில், அதாவது 35-இல் சரிபார்க்க வேண்டும். அப்படி வைத்த பிறகு ஆர்.ஓ. தண்ணீர் பூஜ்யத்தைவிட்டு விலகி நின்றால் நிற்கட்டும், திருகைத் தொடாதே.

35 பிபிடி சரிபார்ப்புத் திரவம் கடையில் கிடைக்கும். வீட்டிலும் செய்யலாம்: 73 கிராம் தூள் உப்பு, 1,927 கிராம் ஆர்.ஓ. தண்ணீர். தண்ணீரையும் தராசிலேயே நிறு, லிட்டர் கணக்கு வேண்டாம். இந்தக் கரைசல் ஒளியை வளைக்கும் அளவும் 35 பிபிடி கடல்நீர் வளைக்கும் அளவும் ஒன்றே. இரண்டு கிலோ எதற்கு என்றால், சமையலறைத் தராசு அரை கிராம் தவறினாலும் பிழை கால் பிபிடிதான் வரும். ஒரு கிலோவுக்குச் செய்தால் அரை பிபிடி ஆகிவிடும். கல் உப்பு வேண்டாம். ஈரம் இருக்கும், எடை ஏமாற்றும். தூள் உப்பையும் வாணலியில் சில நிமிடம் வறட்டி, மூடி வைத்து ஆறவிட்டு நிறு. அயோடின் கலந்த உப்பானாலும் பாதகமில்லை. ஆனால் இந்தத் திரவம் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும்தான். ஹைட்ரோமீட்டருக்கும் மின்கடத்து மீட்டருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

கடற்கரைத் தண்ணீரை வைத்துச் சரிபார்க்கலாமா என்றும் கேட்டிருந்தாய். கூடாது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஆற்றுத் தண்ணீர் கலந்து நம் கரையோரம் உப்பு இறங்கிவிடும். மாறுகிற ஒன்றை அளவுகோலாக வைக்க முடியாது.

வெயில் காலத்தில் இன்னொன்றையும் கவனி. கருவியில் ‘ஏ.டி.சி.’ என்று போட்டிருப்பது, அதாவது வெப்பநிலை மாற்றத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி, பொதுவாக 10 முதல் 30 டிகிரி வரைதான் ஈடுகட்டும். மே மாத மதியம் நம் அறை அதைத் தாண்டிவிடும். ஏ.சி. அறையில் கருவி, திரவம், தொட்டித் தண்ணீர் மூன்றையும் அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுப் பார். கண்ணாடியில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் மூடியை இறக்கி, 30 விநாடி பொறு. தொட்டியின் நீல விளக்கில் பார்க்காதே. ஜன்னல் வெளிச்சத்தில் பார். முடிந்ததும் ஆர்.ஓ. தண்ணீரால் துடை. காய்ந்த உப்பு அடுத்த அளவைக் கெடுக்கும்.

உன் ஊசி ஹைட்ரோமீட்டரில் குமிழி ஒட்டினால் ஊசி மேலே போய் அதிகம் காட்டும். உப்பு படிந்தால் கனத்துக் குறைவாகக் காட்டும். வினிகரில் ஊறவைத்துக் கழுவு. அதற்கு மேல் அதனிடம் துல்லியம் எதிர்பார்க்காதே, அவசரத்துக்கு வைத்துக்கொள்.

மின்கடத்து மீட்டர் வாங்கினால், முனையைத் தட்டி குமிழியை விரட்டு. பம்ப் ஓடும் தொட்டிக்குள் வைத்துப் பார்க்காமல், டம்ளரில் தண்ணீர் எடுத்துப் பார். சரிபார்ப்புத் திரவத்தைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதே. ஆவியாகி அது 37 ஆகிவிட்டால், அதை 35 என்று நம்பி கருவியைத் திருகுவாய், தொட்டி 37-இல் போய் நிற்கும்.

சரிபார்த்த பிறகு அளவு 38 வந்தால், உன் 200 லிட்டருக்குக் கணக்கு இது: 200 × 3 ÷ 38, ஏறத்தாழ 16 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர். மூன்று நாளாகப் பிரித்துச் செய். கல்லும் மணலும் அடைத்த இடத்தைக் கழித்தால் தண்ணீர் 200 லிட்டர் இருக்காது, அதனால் 13 லிட்டரோடு நிறுத்தி மறுபடி அள. குறைந்திருந்தால் உப்பைத் தொட்டியில் கொட்டாதே. ஆவியான தண்ணீருக்குப் பதில் சில நாள் 35 பிபிடி உப்புத் தண்ணீரையே ஊற்று, தானாக ஏறும்.

புது எண்ணை எழுது.

அன்புடன்,
பாஸ்கர்