பதினைந்து சென்டிமீட்டர் போதும்: மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் சாலைப் பிரிவுப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

பேருந்து நிலையத்திலிருந்து அரசு மருத்துவமனை வரையிலான புதிய நடைபாதையைப் போன வாரம் திறந்துவைத்தீர்கள். பேவர் பிளாக், மஞ்சள் ஓடு, எவர்சில்வர் தடுப்புக் கம்பி என்று எல்லாம் பளபளக்கிறது. மக்கள் மட்டும் அதை ஒட்டிய தார்ச்சாலையில் நடக்கிறார்கள். காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் டேப் வைத்து அளந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

நடைபாதையின் உயரம் 30 செ.மீ. இந்தியச் சாலைகள் பேரவை பாதசாரிகளுக்காக வகுத்த ஐ.ஆர்.சி. 103 நெறிமுறை (2012) அனுமதிப்பது அதிகபட்சம் 15 செ.மீ. மற்ற கோளாறெல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை.

மருத்துவமனை வாசலில் உள்ள சாய்தளத்தைப் பாருங்கள். 1 செ.மீ. ஏற்றத்துக்கு 12 செ.மீ. நீளம் என்பது கணக்கு. 30 செ.மீ. ஏற 3.6 மீட்டர் வேண்டும். அங்கே கட்டியிருப்பது 90 செ.மீ.; அதாவது மூன்றடிக்கு ஓரடி ஏற்றம். சக்கர நாற்காலியை நேராகத் தள்ளினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்கிறது, நாற்காலி பின்னால் சாய்கிறது. அதனால் கூட வருபவர் திரும்பி நின்று, நோயாளியின் முதுகுப்புறமாக இழுத்து ஏற்ற வேண்டியிருக்கிறது. இறங்கும்போது இன்னும் மோசம். கால்தாங்கி தரையில் முட்டி வண்டி சட்டென்று நின்றுவிடும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். அடிவாரத்தில் தார் எட்டாமல் விட்ட இரண்டு அங்குலப் பள்ளம் வேறு. டயாலிசிஸ் முடித்து வருபவரும் காலில் கட்டுப் போட்டவரும் தினம் கடக்கும் வாசல் இது. உயரம் 15 செ.மீ. ஆக இருந்திருந்தால் 1.8 மீட்டர் சாய்தளம் போதும். அதற்கு அங்கே தாராளமாக இடம் இருக்கிறது.

அடுத்தது வீட்டு வாசல்கள். கார் ஏறுவதற்காக ஒவ்வொரு கேட்டின் முன்னாலும் நடைபாதையை வெட்டி இறக்கியிருக்கிறீர்கள். 15 செ.மீ. உயரம் என்றால் ஓரத்தில் அரை மீட்டருக்குள்ளேயே காருக்குச் சரிவு கொடுத்துவிடலாம். நடப்பவரின் பாதை மட்டம் மாறாது. 30 செ.மீ.க்கு அது முடியாது. முட்டிவலிக்காரர் எத்தனை கேட் ஏறி இறங்குவார்? சாலைக்குத்தான் இறங்குவார். ஆகவே முதல் வேண்டுகோளும் முக்கிய வேண்டுகோளும் ஒன்றே: உயரத்தை 15 செ.மீ.க்குக் குறையுங்கள்.

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் மஞ்சள் ஓடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீளக் கோடு போட்ட ஓடு 'நட' என்று சொல்வது. புள்ளி ஓடு 'நில், எதிரே ஏதோ இருக்கிறது' என்று சொல்வது. வேலை செய்தவர்கள் கையில் கிடைத்த புள்ளி ஓட்டையே முழு நீளத்துக்கும் பதித்திருக்கிறார்கள். வெண்கோலோடு வருபவருக்கு அது அடிக்கு அடி நில், நில், நில் என்கிறது. கோட்டு ஓடு இருப்பது ஒரே ஓர் இடத்தில். அதுவும் நேராகப் போய் ஒரு மின்சாரப் பில்லர் பாக்ஸில் முட்டுகிறது. எவர்சில்வர் கம்பிகளுக்கு நடுவே 60 செ.மீ. இடைவெளி, சக்கர நாற்காலி நுழைய 90 செ.மீ. வேண்டும். அகலமாக்கினால் ஸ்கூட்டரும் ஏறும் என்பீர்கள். ஏறும்தான். ஸ்கூட்டர்காரருக்கு அபராதம் போட ஆள் இருக்கிறது.

ஏன் இவ்வளவு உயரம் என்று விசாரித்தால், சாலை எப்படியும் உயரும் என்று பதில் வருகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளரே 2021-இல் உத்தரவிட்டார். நீங்களோ, வரப்போகும் தாருக்கு இன்றைக்கே இடம் ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள். சாலை உயர உயர வீடு பள்ளமாகி, மழைநீர் உள்ளே வருவதற்கும் இதே தொலைநோக்குத்தான் காரணம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பற்றி உங்கள் அலுவலகச் சுவரில் பலகை இருக்கிறது. அந்தப் பலகை மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலப்படுத்தியபின், மாலையில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கும் உட்காரத் தெரியும்.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பது இவ்வளவுதான். இறுதி பில் பாஸ் ஆகுமுன் உயரத்தை 15 செ.மீ.க்கு இறக்கச் சொல்லுங்கள். பேவர் பிளாக்கைப் பெயர்த்து மறுபடி பதிக்கலாம், உடைக்க வேண்டியதில்லை. சரிவை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 1.2 மீட்டர் நேர்ச்சட்டத்தின் ஒரு முனையைச் சாய்தளத்தின் மேல்பக்கம் ஊன்றி, ரசமட்டம் பார்த்துப் பிடித்தால், மறுமுனைக்கும் தரைக்கும் இடையே 10 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. அப்புறம், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் வெண்கோல் பிடிக்கும் ஒருவரையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய்வரச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். தேதி சொன்னால் நேர்ச்சட்டத்தோடு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
நகரமைப்பிலும் கட்டட வடிவமைப்பிலும் பணிபுரியும் இவ்வூர்வாசிகள் சிலர்