நமது பழைய கார் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் செயலாளரின் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும். அந்தத் தபால் செலவும் கணக்கில் ஏறியிருக்கிறது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த ஆண்டில் செயற்குழு ஆறு முறை கூடியது. அவற்றுள் நான்கில் தீர்மானம் போடத் தேவையான ஆட்கள் இருந்தார்கள். சுதந்திர தினத்தன்று நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு அணிவகுப்பு நடந்தது. ஒன்பது கார்கள் கிளம்பின, ஏழு போய்ச் சேர்ந்தன. பத்மநாபபுரம் அரண்மனைக்குக் குடும்பச் சுற்றுலா ஏற்பாடானது. அன்று திங்கட்கிழமை என்பதும், திங்கட்கிழமைகளில் அரண்மனை திறக்காது என்பதும் வாசலில் இறங்கிய பிறகே தெரியவந்தன. நாளைக் குறித்தவர் செயலாளர் அல்லர்.

ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கான தனிப் பதிவு குறித்துப் பலர் கேட்டார்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிப்படி புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000, பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த காரை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். மகளை டியூஷனுக்குக் கொண்டுவிடப் பழைய காரை எடுக்கிறவர்கள் யோசித்து முடிவு செய்யட்டும்.

இனி சங்கக் காரின் கியர் பெட்டி விவகாரம். அதைப் பழுதுபார்க்க ரூ. 31,460 ஆனதைப் பற்றி உறுப்பினர்கள் மூவர் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சங்கத்துக்குச் சொந்தமான 1961ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000, மலையோர எஸ்டேட்டிலிருந்து நன்கொடையாக வந்த நாள் முதல் என் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. இதுவரை வாடகை கேட்டதில்லை. கடந்த ஜூனில் தரையில் எண்ணெய்ப் பொட்டு தெரிந்ததும், பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து அடியில் விரித்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வைத்தேன். ஜூன் அட்டையில் பொட்டு ஐந்து ரூபாய் நாணயம் அளவு. ஆகஸ்டில் அது தோசை அளவு. ஒன்றல்ல, இரண்டு பொட்டுகள்: ஒன்று பெல் ஹவுசிங் எனப்படும், கிளட்ச் இருக்கும் மணி வடிவக் கூட்டுக்கு நேர் கீழே, மற்றொன்று கியர் பெட்டியின் வால் பக்கம்.

'பிரிட்டிஷ் கார் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்' என்ற பழைய வேடிக்கையைச் செயற்குழுவில் நான்கு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். சங்கத்தில் வேடிக்கை பேச ஆள் உண்டு. ஸ்பேனர் பிடிக்கத்தான் இல்லை.

அந்த வேடிக்கையில் ஓரளவு உண்மை இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் காரின் கியர் பெட்டிக்கு முன்பக்கத்தில் ரப்பர் சீல் கிடையாது. தண்டு சுழலும்போது எண்ணெயைப் பெட்டிக்குள்ளேயே திருப்பித் தள்ளும் திருகுவரிதான் காவல். என்ஜினின் பின்பக்கமும் அப்படியே. தண்டு நின்றால் திருகுவரியும் சும்மா நிற்கும்; அப்போது ஓரிரு துளி வெளியே வருவது இயல்பு. அதற்காகவே பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு துளை விட்டு, அதில் ஒரு ஸ்பிளிட் பின்னை, அதாவது நடுவில் பிளந்த ஒரு கம்பி ஊசியை, தொங்கவிட்டிருப்பார்கள். கார் ஓடும்போது அந்தப் பின் ஆடிக்கொண்டே இருந்து, துளை அழுக்கேறி அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். காரைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் இது: அரையணா பெறாத ஒரு பின், சம்பளம் கேட்காமல் அறுபது ஆண்டு வேலை பார்க்கிறது.

நம் காரில் அந்தப் பின் இல்லை. முன்பு எப்போதோ வேலை பார்த்த ஒரு பட்டறை, ஒழுக்கை நிறுத்துவதாக நினைத்து, துளையை எம்சீல் வைத்து அடைத்திருந்தது. வெளியேறப் போதிய வழியில்லாத எண்ணெய் உள்ளேயே தேங்கிக் கிளட்ச் தட்டை நனைத்து வழுக்க வைத்தது. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்தில் என்ஜின் அலறியும் கார் ஏறாமல் நின்றதே, அதன் காரணம் இதுதான். அன்று காரை ஓட்டியவர் என் கிளட்ச் மிதியைப் பற்றிச் சொன்ன விமர்சனத்தைத் திரும்பப் பெறுவார் என்று நம்புகிறேன்.

அடைப்பை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்ததும் ஒரு டம்ளர் எண்ணெய் கொட்டியது. என்ஜின் ஆயில் கறுத்திருக்கும். இதுவோ தேன் நிறத்தில், கந்தக நாற்றத்தோடு வந்தது. ஆகவே ஒழுகுவது என்ஜின் அல்ல, கியர் பெட்டி என்று அந்த நிமிடமே தெளிவாயிற்று. ஆனால் நாற்றமே ஒரு குற்றம். அது 90 எண் கியர் ஆயில். பின் அச்சுக்கு உரியது. மைனரின் கியர் பெட்டிக்குத் தயாரிப்பாளர் சொன்னது எஸ்.ஏ.இ. 30 என்ற கெட்டி எண்ணுள்ள என்ஜின் ஆயில், சுமார் 1.3 லிட்டர். கெட்டியான ஆயிலில் இரண்டாவது கியர் விழ மறுக்கும். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் உள்ளே இருக்கும் வெண்கலப் பாகங்களையும் அரிக்கக்கூடும். தவறாக ஊற்றியவரின் தவறுதான் ஒழுக்கின் இடத்தைக் காட்டிக் கொடுத்தது. நன்றி சொல்வதா, வருத்தப்படுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு கியர் பெட்டியை இறக்குவதாக அறிவித்தோம். எட்டுப் பேர் வருவதாக வாக்குக் கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்கு வந்தவர்கள் இருவர்: அம்பாசிடர் டாக்சிகளில் கை பழகிய நம் மேஸ்திரி, சென்ற ஆண்டு சேர்ந்த கல்லூரி மாணவர். மற்ற ஆறு பேரும் ஒரு மணிக்கு, ரசவடை வந்த பிறகு வந்தார்கள்.

மைனரில் ஒரு வசதி உண்டு. என்ஜினை இறக்காமலே கியர் பெட்டியைக் கழற்றலாம். பேட்டரி இணைப்பைப் பிரித்து, விரிப்பை நீக்கி, தரையில் கியர் பெட்டியை மூடியிருக்கும் தகட்டை உள்ளிருந்தே எடுத்தோம். என்ஜின் ஒருபக்கம் தொங்காமலிருக்க ஜாக்கியின் மேல் அயினிப் பலகை வைத்து ஆயில் தொட்டியைத் தாங்கினோம். பிறகு பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், குறுக்குச் சட்டம். தாமதம் ஏற்பட்டது இரண்டு நட்டுகளால். இந்தக் கார் முழுவதும் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர், அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் பிடிப்பதுபோல் பிடித்து முனையை மழுக்கிவிடும். முன்னோர் மழுக்கிய இரண்டையும் உளி வைத்து வெட்ட நேர்ந்தது. அம்பாசிடரும் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்தது என்பதால், மேஸ்திரியின் பெட்டியில் அங்குல ஸ்பேனர்கள் இன்னும் இருந்தன. செலவுப் பட்டியலில் 'கருவி வாடகை' என்று எதுவும் இல்லாததன் காரணம் அவரே.

வால் பக்கத்து ஆயில் சீல் சிரட்டை போல இறுகிக் கிடந்தது. அதனுள் ஓடும் ஷாஃப்ட் முனையில் சீலின் உதடு பட்டுப் பட்டு ஒரு பள்ளம். புதிய சீல் போட்டாலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் மறுபடி ஒழுகும். லேத் பட்டறையில் மெல்லிய உறை போட ஒரு தொகை சொன்னார்கள். மேஸ்திரி சிரித்தார்: "சார், சீலைக் கடைசி வரை அடித்து இறக்க வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் வெளியே நிற்கட்டும். உதடு தேயாத இடத்தில் உட்காரும்." அப்படியே செய்தோம். செலவு இல்லை.

சீல் கோட்டாற்றில் ஒரு பேரிங் கடையில் கிடைத்தது. எண்ணெய் கசியாமல் மூடிகளுக்கு அடியில் வைக்கும் பேக்கிங்கைத் தாளில் நாமே வெட்டினோம். தாளை மூடியின் மேல் வைத்து விளிம்பில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அதுவாகவே அறுந்துவரும். மாணவருக்கு ஐந்தாவது தாளில் கை வந்தது. பசையைத் தாராளமாகப் பூச வேண்டாம் என்பதை மட்டும் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

பணம் போனது கிளட்ச் தட்டிலும், மிதியை அழுத்தும்போது கிளட்சை விடுவிக்கும் கார்பன் பேரிங்கிலும், அவை இங்கிலாந்திலிருந்து வந்த தபால் கட்டணத்திலும், சுங்கவரியிலும். நனைந்த தட்டைப் பெட்ரோலில் கழுவிப் போட்டால் போதும் என்று ஓர் உறுப்பினர் தொலைபேசியில் ஆலோசனை சொன்னார். எண்ணெய் ஊறிய தட்டு கழுவினால் வெளியே காயும், சூடானால் உள்ளிருப்பது மறுபடி கசியும். பார்சல் வர ஆறு வாரம். அதுவரை கியர் பெட்டி எங்கள் வீட்டு முன்திண்ணையில் இருந்தது. அது குறித்து வீட்டில் எழுந்த கேள்விகளைச் சங்கத்தின் முன் வைக்க விரும்பவில்லை.

மாட்டும்போது புதிய தட்டை நடுவாக நிறுத்த, ஆசாரியிடம் சொல்லி ஒரு மரக்கோல் கடைந்து வாங்கினேன் (ரூ. 150, ரசீது இல்லை). புதிய ஸ்பிளிட் பின் தொங்குகிறது. நவம்பரில் ஆரல்வாய்மொழி வரை போய் வந்தோம். எதிர்க்காற்றிலும் கிளட்ச் வழுக்கவில்லை. அதைச் 'செயலாளரின் உல்லாசப் பயணம்' என்று சொன்னவர் அன்று பின்னிருக்கையில் இருந்தார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு சற்றுக் கூடுதல், இடைவெளியை இரண்டு நல்ல உள்ளங்கள் தற்காலிகமாக நிரப்பியுள்ளன. அவற்றில் ஒன்று நான். உறுப்பினர்கள் நாற்பத்தொருவர், சந்தா செலுத்தியவர்கள் பதினேழு பேர். பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டலாமா என்ற யோசனையைத் தலைவர் ஏற்கவில்லை. பட்டியல் தயாராகவே இருக்கிறது.

மேஸ்திரிக்கும், மாணவருக்கும், தேநீர் வழங்கியவர்களுக்கும், இடம் தந்த மண்டபத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பின் அச்சின் வலப்பக்கச் சீலைப் பார்க்க வேண்டும். பிரேக் டிரம்மில் ஈரம் தெரிகிறது. அங்கேதான் 90 எண் ஆயில் ஊற்ற வேண்டும். குழப்பம் வராமலிருக்க இரண்டு டின்களுக்கும் வேறு வேறு நிறம் பூசிவிட்டேன். எனக்கு முழங்கால் முன்போல் மடங்குவதில்லை. கொட்டகைச் சாவி வாசல் ஆணியில்தான் தொங்குகிறது. செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் நான் தடையாக இருக்க மாட்டேன். காரை நிறுத்த இடம் உள்ளவராக இருந்தால் நல்லது, மழைச்சாரலும் கடற்காற்றும் படாத இடமாக.

மார்ச் மாத அட்டையை இன்று கொண்டுவந்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு பொட்டு, மிளகளவு, திருகுவரிக்கு நேர் கீழே. தேநீர் மேசையில் இருக்கிறது. தயவுசெய்து அதன் மேல் டம்ளர் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்