ஊழியத்தில் என்னைத் தாங்கியவர்களுக்கு

அன்பிற்குரிய பெற்றோருக்கும், எங்கள் தொகுதியின் (உள்ளூர்ச் சபையின்) ஆயருக்கும், பெண்களுக்கான ஒத்தாசைச் சங்கச் சகோதரிகளுக்கும், ஊழியத் தலைவருக்கும் அவருடைய துணைவியாருக்கும், என்னோடு ஊழியம் செய்த துணைச் சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சகோதரிகளுக்குரிய 18 மாத முழுநேர நற்செய்தி ஊழியத்தைக் கர்த்தருடைய கிருபையால் நிறைவேற்றித் திரும்பியிருக்கிறேன். நேரில் நன்றி சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். எழுத்தில் சொன்னால் இடைமறிக்க முடியாது என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

சகோதரிகள் ஊழியத்துக்குப் புறப்படும் வயதை 21இலிருந்து 19ஆகக் குறைத்து, 2012 அக்டோபர் பொது மாநாட்டில் அப்போதைய சபைத் தலைவர் தாமஸ் எஸ். மான்சன் அறிவித்தார். அந்த மாற்றம் இல்லாதிருந்தால், படிப்பு, வேலை, திருமணம் என்று அடுத்தடுத்து வருபவற்றுக்கிடையே நான் புறப்பட்டிருப்பேனா என்பது ஐயமே. அந்த வயதில் என்னை அனுப்ப அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை என்பதை நான் அறிவேன். ஒப்பாத மனத்தோடும் என் பெட்டியை அடுக்கித் தந்தவர் அவரே.

முன்பெல்லாம் ஊழியர்கள் கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும் மட்டுமே வீட்டாரோடு தொலைபேசியில் பேச முடிந்தது. 2019 பிப்ரவரியில் வந்த மாற்றத்தால் எனக்கு வாரந்தோறும் அந்த வாய்ப்புக் கிடைத்தது. அப்பா, எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று நீங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை. இந்த வாரம் யாரைச் சந்தித்தாய், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றே கேட்டீர்கள். உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே, ஒருவருடைய முழங்கால் வலியையும் இன்னொருவருடைய மகளின் தேர்வையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். பிறகு அது பழக்கமாகவே ஆகிவிட்டது.

நான் மிகவும் கடன்பட்டிருப்பது துணைச் சகோதரிகளுக்கே. மாற்கு 6:7இல் இயேசு பன்னிருவரையும் இரண்டிரண்டு பேராக அனுப்பியதாக வாசிக்கிறோம். நம் ஊழியர்களும் அவ்வாறே அனுப்பப்படுகிறார்கள். துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவில் எப்போதும் இருவரும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒரு நாள் வருத்தப்பட்டுக்கொண்டு தனியே நடந்துவிட்டு வரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. (இந்த விதியை வகுத்தவர்கள் மனித இயல்பை நன்றாக அறிந்தவர்கள் என்று இப்போது தோன்றுகிறது; அப்போது அப்படித் தோன்றியதாகச் சொல்ல முடியாது.) வாரத் திட்டமிடலின் முடிவில் துணைகள் இருவரும் தங்களுக்கிடையே உள்ளவற்றை ஒளிவின்றிப் பேசிக்கொள்ளும் வேளை எனக்குத் தொடக்கத்தில் அச்சமாகவே இருந்தது. கசப்பை மறுவாரத்துக்கு எடுத்துச் செல்லாமல் பேசித் தீர்க்கும் துணிவை அங்கேதான் பெற்றேன்.

குறைவாகவே பேசும் ஒரு துணைச் சகோதரி, நாங்கள் வீடுகளில் கற்பிக்கும் பாடத்தின் நடுவே கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அமைதியாகக் காத்திருப்பார். எனக்கோ அந்த நேரம் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். ஆனால், தம் துக்கத்தை அதுவரை யாரிடமும் சொல்லாதவர்கள் அந்த அமைதிக்குப் பிறகே மனம் திறந்தார்கள். சகோதரி, பாட நூலில் நான் படித்ததைவிட உங்களைப் பார்த்துக் கற்றதே அதிகம்.

கதவைத் திறந்தும் எங்கள் செய்தியை ஏற்காதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். தம் நம்பிக்கையே தமக்குப் போதும் என்று கனிவாகச் சொன்ன ஒரு முதியவர், நிழலில் நாற்காலி போட்டு எங்களை அமரச் செய்து, அந்த நம்பிக்கையைப் பற்றி நெடுநேரம் பேசினார். முழுவதையும் கேட்டேன், அதனால் என் விசுவாசச் சாட்சி எவ்விதத்திலும் குறைந்துவிடவில்லை.

ஊழியத்தின் செலவை ஊழியரும் அவருடைய குடும்பத்தாருமே முடிந்தவரை ஏற்பது நம் முறை. எங்களால் இயலாத பகுதியை, தொகுதியின் ஊழிய நிதிக்குக் கொடுத்து நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஆயரிடம் கேட்டேன். அவர் சொல்ல மறுத்துவிட்டார். ஆகவே, அதே நிதிக்கு என் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு பங்கைச் செலுத்தத் தொடங்கியிருக்கிறேன். அடுத்து அழைப்புப் பெறும் சகோதரி கேட்டாலும் ஆயர் பெயரைச் சொல்ல வேண்டாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி