அது காதல் இயக்கம் அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வரலாற்று ஆய்வு பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "காதல் இயக்கக் கவிஞர்களின் மயக்கத்தால் வரலாற்றுக்குக் கேடுதான் விளைந்தது" என்று அதில் ஒரு வரி. உணர்ச்சிக்கும் கற்பனைக்கும் முதலிடம் தந்த ஐரோப்பிய இலக்கிய, கலை இயக்கமான ரொமான்டிசிசத்தைத்தான் கட்டுரையாளர் காதல் இயக்கம் என்கிறார். கற்பனாவாதம் என்றோ புனைவியல் என்றோ எழுதியிருக்கலாம். ரொமான்டிசிசம் என்றே விட்டிருந்தாலும் எங்களுக்குப் புரிந்திருக்கும். சரி, சொல்லைப் பொறுத்துக்கொள்கிறேன். அந்தத் தீர்ப்பைப் பொறுக்க முடியவில்லை.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஓகுஸ்தேன் தியெரியைத் தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1810 வாக்கில், பிரான்ஸில் ப்ளுவா ஊர்ப் பள்ளியில் அவர் மாணவர். ரொமான்டிசிச எழுத்தாளர் ஷத்தோப்ரியான் எழுதிய காவியத்தில் பிராங்குகள் என்ற பழைய ஜெர்மானிய இனத்தாரின் போர்ப்பாட்டைப் படித்துவிட்டு உட்கார முடியாமல் எழுந்து, அதை உரக்கப் பாடிக்கொண்டே, கல் தளத்தில் காலடி அதிரக் கூடத்தில் மேலும் கீழும் நடந்தாராம். தன் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது அந்தக் கணம்தான் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தை நார்மானியர் வென்ற வரலாற்றை 1825இல் வெளியிட்டார். பழைய ஏடுகளைப் படித்துப் படித்தே கண் போனது. அதன் பிறகும் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு எழுதினார். இதையா மயக்கம் என்பது?

ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ராங்கேயை மட்டும் கட்டுரையாளர் போற்றுகிறார். நானும் போற்றுகிறேன். ஆனால் அவரும் ரொமான்டிசிச நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் சரித்திர நாவல்களை ஆசையாகப் படித்தவர்தான். பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி காலத்துக் கதை ஒன்றைப் பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு, ஸ்காட் உண்மையை மாற்றிவிட்டார் என்று மனம் நொந்தபோதுதான், இனி ஆதாரத்தை விட்டு விலகுவதில்லை என்று முடிவெடுத்தார். அந்த நாவல் அவர் கைக்கு வராமலே போயிருந்தால்?

என் கதையும் இதுதான். வாரப் பத்திரிகையில் வந்த சரித்திரத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து வைத்திருந்தார் அம்மா. அதைப் படித்துவிட்டு ராஜராஜனைத் தேடித்தான் தஞ்சாவூருக்குப் போனேன். குதிரையும் வாளும் எதிர்பார்த்துப் போனவனுக்கு, பெரிய கோயில் கல்வெட்டில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்ற கணக்கைப் படித்துக் காட்டினார் அங்கிருந்த பெரியவர் ஒருவர். அன்று முதல் கணக்கின் மீது பைத்தியமானேன். 31 ஆண்டுகள் வரலாறு கற்பித்தேன். ஆண்டுகளை ஒப்பித்தபோது தூங்கிய பிள்ளைகள் தியெரி கதைக்கு நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ருதாம் தேவாலயம் தீப்பிடித்தபோது, தாங்கள் அட்டையில் போட்ட படத்துக்குக் கீழே "800 ஆண்டுப் பழமையான பூதச் சிலைகள்" என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்தக் கோபுரத்தில் மூச்சிரைக்க ஏறியவன் நான். நாக்கைத் துருத்திக்கொண்டு, இரு கைகளிலும் முகத்தைத் தாங்கியபடி ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பூதத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அது 19ஆம் நூற்றாண்டுச் சிலை. 1844இல் தொடங்கிய சீரமைப்பில் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-துய்க் வைத்தது. தீயில் சரிந்த ஊசிக்கோபுரமும் 1859இல் அவர் எழுப்பியதே. இல்லாததை இருந்ததுபோல் கட்டியது குற்றம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில் சிலைகளின் தலையை வெட்டி, பிறகு கவனிப்பாரற்று விட்ட கட்டடத்தை ஊரே திரும்பிப் பார்க்க வைத்தது 1831இல் வந்த, ரொமான்டிசிச எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவின் நாவல். பழைய கட்டடங்களைக் காக்கவென்று பிரெஞ்சு அரசு 1830இல் ஏற்படுத்திய ஆய்வாளர் பதவிக்கு, நான்கு ஆண்டுகளில் வந்து சேர்ந்தவரும் மெரிமே என்ற கதாசிரியர்தான். இவர்கள் இல்லாவிட்டால் 2019இல் எரிவதற்கு அங்கே என்ன இருந்திருக்கும் என்று கட்டுரையாளர் யோசித்திருக்கலாம்.

சிலைகளைப் பற்றி 2019இலேயே எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அதற்கு முன் ஒரு கடிதத்தைப் பாதியாக வெட்டிப் போட்டீர்கள். மிச்சமிருந்த பாதி, நான் மறுத்த கருத்தையே நான் சொன்னதுபோல் ஆகிவிட்டது. வரலாற்றுப் பக்கத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் ராசிபலனைப் போட்டபோதும் சந்தாவை நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் வீட்டுக்கு வந்த பத்திரிகை ஆயிற்றே என்றுதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம்: ரொமான்டிசிசம் காதல் இயக்கம் அல்ல, அந்தப் பூதங்கள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 2019இல் எழுதிய கடிதத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன். இதையாவது முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
புதுச்சேரி.