வடமும் முட்டுக்கட்டையும்

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி போனில் நீ அழுதது காதிலேயே நிற்கிறது. காலேஜ் புராஜெக்டுக்கு நாலு பேர் பேட்ச். ரிப்போர்ட், கோடிங், பி.பி.டி. மூன்றும் உன் தலையில். ஒருவன் ரிவ்யூ அன்று மட்டும் வருகிறான். ஒருத்தி வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டுவதோடு சரி. இன்னொருவன் வாயே திறப்பதில்லை. ஒன்பது மணிக்குக் கூடலாம் என்கிறார்கள், உன் ஹாஸ்டல் கேட்டை எட்டரைக்கே பூட்டிவிடுகிறார்கள். "நானே முடிச்சிடறேன்மா, சண்டை போடத் தெம்பில்ல" என்றாய். அதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நானும் அப்படி முடித்தவள்தான். பி.எட். படித்தபோது பின்னக் கணக்கு சொல்லித்தர ஒரு கருவி செய்யச் சொன்னார்கள். விடிய விடியத் தனியாகச் செய்து, நாலு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். நாலு பேருக்கும் ஒரே மதிப்பெண். அது கசந்தது உண்மை. ஆனால் வேலைக்குப் போன பிறகு அவர்களில் ஒருத்தி, "அதை எப்படிடி செஞ்சே? என் கிளாஸ் பிள்ளைகளுக்கு வேணும்" என்று கேட்டாள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. அவள் கற்றிருக்க வேண்டியதையும் சேர்த்து நானே எடுத்துக்கொண்டேன்.

பிறகு எம்.எட்.டில் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளரைப் பற்றிப் படித்தேன். ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து, 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தைக் கூட்டினால் வருவதில் பாதியளவுதான் கயிற்றில் சேர்ந்தது. எல்லாரும் ஓ.பி. அடித்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஒரே நொடியில் சேர்ந்து இழுக்காததாலும் பலம் வீணாகிறது என்றார். உன் பேட்ச்சிலும் இரண்டும் கலந்திருக்கும், கண்ணு.

நம்ம திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பார். 96 அடி உயரம். வடம் பிடிக்கிற கூட்டத்தில் யார் இழுக்கிறார், யார் சும்மா தொட்டுக்கொண்டு வருகிறார் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரை எல்லாரும் பார்க்கிறார்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையில். அவர் கை தளர்ந்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

நீங்கள் நாலு பேரும் வடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். ஆளுக்கொரு கட்டையைக் கையில் கொடு. "எல்லாரும் சேர்ந்து ரிப்போர்ட் எழுதுவோம்" என்று விடாதே. மூன்றாம் அத்தியாயம் இவனுடையது, டெஸ்டிங் அவளுடையது, இன்ன தேதிக்குள் என்று குரூப்பில் பெயர் போட்டு எழுது. கூகுள் டாக்ஸில் எழுதினால் யார் எப்போது எதைச் சேர்த்தார் என்பது அதிலேயே பதிவாகும். கைடிடம் போக வேண்டி வந்தால் அது போதும், கோள் சொல்வதாக இருக்காது. கூடுவதும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, லைப்ரரியில். அதை உறுதியாகச் சொல், கெஞ்சாதே.

அந்த வாய் திறக்காத பையன், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் என்றாயே. என் வகுப்பிலிருந்து போன எத்தனையோ பேர் அப்படித்தான் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போனார்கள். ஆங்கிலத்தில் தப்பாகிவிடுமோ என்று பயந்து பேசாமல் இருப்பவனை, ஓ.பி. அடிப்பவனோடு சேர்த்துவிடாதே. ரிப்போர்ட் அட்டையிலிருந்து அவன் பெயரை எடுக்கப்போவதாகச் சொன்னாயே, அதற்கு முன்னால் ஒருமுறை தனியாகத் தமிழில் கேள், எந்தப் பகுதி செய்கிறாய் என்று.

அவன் என்ன சொன்னான் என்று ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா