புது இஸ்திரிப் பெட்டி வாங்கப்போகும் மதினிக்கு

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். உங்கள் இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு இப்போதெல்லாம் அணைவதே இல்லை என்றும், துணித் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பாதி தைத்து வைத்திருக்கும் ஒட்டுத்துணிப் போர்வையில் வெள்ளைக் கட்டம் ஒன்று பழுப்பேறிவிட்டது என்றும் அண்ணன் சொன்னார். விளக்கு அணையவில்லை என்றால் தெர்மோஸ்டாட் போய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டும். சூடேறியதும் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய பட்டை தன் வேலையைச் செய்யாததால், பெட்டி அளவில்லாமல் காய்ந்துகொண்டே போகிறது. ஒயரின் கழுத்துப் பகுதியில் நூலுறையும் பிரிந்துவிட்டதாமே, இனி அதைப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டாம். தயவுசெய்து சொருகவும் வேண்டாம்.

கடையில் நீராவிப் பெட்டியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். சட்டைக்கும் சேலைக்கும் அது நல்லதுதான். ஆனால் ஒட்டுத்துணி வேலைக்கு, நீராவி இல்லாத, சற்றே கனமான சாதாரணப் பெட்டியையே வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. சட்டையைத் தேய்ப்பதுபோல நாம் துண்டுகளைத் தேய்ப்பதில்லை. பெட்டியைத் தையலின்மேல் வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்கிறோம். கனமான பெட்டி என்றால் அந்த அழுத்தத்தை அதுவே கொடுத்துவிடும், உங்கள் மணிக்கட்டு நோகாது. குறுக்காக வெட்டிய முக்கோணத் துண்டுகளின் ஓரம் ஈரமும் சூடும் சேர்ந்து பட்டால் எளிதில் இழுபட்டுவிடும். காலங்குல ஓரம் விட்டுத் தைக்கும்போது தையலுக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும், இருபது துண்டுகள் கொண்ட ஒரு வரிசையில் பத்தொன்பது தையல்களுக்கும் சேர்ந்து ஏறத்தாழ முக்கால் அங்குலம் கூடவோ குறையவோ செய்யும். பிறகு எந்த வரிசையும் அடுத்த வரிசையோடு பொருந்தாது. சாயம் நிற்காத சுங்குடித் துண்டு ஒன்று வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் இருந்து, அதன்மேல் நீராவி பட்டால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரம் தேவைப்படும் இடத்தில் கையால் தெளித்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீராவிப் பெட்டிகள் பலவும் 2000 வாட் அளவுக்கு மின்சாரம் இழுப்பவை. 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர். உங்கள் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருப்பதோ 6 ஆம்பியர் பிளக். 1000 வாட் பெட்டி 4.3 ஆம்பியர் அளவில் நின்றுவிடும் என்பதால், எழுந்து நடக்காமல் மிஷின் பக்கத்திலேயே வைத்து ஒவ்வொரு தையலையும் உடனுக்குடன் அழுத்திவிடலாம். அந்த வசதி ஒன்றே வேலையின் தரத்தை உயர்த்திவிடும்.

கடையில் பெட்டியைத் திருப்பி அடிப்பகுதியைப் பாருங்கள். துளை இல்லாமல், விளிம்பெங்கும் வழவழப்பாக இருக்க வேண்டும். துளையிருந்தால் சூட்டில் ஒட்டும் பசைத்துணியின் பிசின் அதற்குள் புகுந்துகொண்டு, அடுத்த துணியில் கறையாக இறங்கும். முனை கூர்மையாக இருந்தால்தான், தையலின் பின்புற ஓரங்களை இருபுறமும் விரித்து அழுத்தும்போது அதன் நடுவே நேராக ஓடும். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் வேண்டும். நிறம், அழகான கைப்பிடி ஆகியவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒரு வெட்டுத்துணியில் சோதியுங்கள். மூன்று புள்ளி வைத்த பருத்திச் சூட்டில் அடிப்பகுதி ஏறத்தாழ 200 டிகிரி இருக்கும். போர்வையின் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் பாலியஸ்டர் பஞ்சு அந்தச் சூட்டில் இறுகி, தடவினால் மொறமொறவென்று ஆகிவிடும். ஆகவே மேல்துணியை முழுவதும் அழுத்தி முடித்த பிறகே பஞ்சை வையுங்கள். பஞ்சு வைத்த பின் பெட்டியைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். பழுப்பேறிய அந்தக் கட்டத்தைப் பிரித்து மாற்ற, அதே வெள்ளை பாப்ளின் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. அளவை எழுதுங்கள், ஓரத்துக்கும் சேர்த்து வெட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்