இயற்கை யாரையும் பழிவாங்குவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த திகில் படக் கட்டுரையைப் படித்தேன். காட்டிலும் கடலிலும் மாட்டிக்கொள்ளும் பயணிகளைப் பற்றிய படங்கள் எல்லாவற்றையும் 'இயற்கையின் பழிவாங்கல்' என்ற ஒரே மூட்டையில் கட்டிப் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். எந்தப் படத்தில் எந்த மிருகம் அதிகம் மிரட்டுகிறது என்று பார்த்து வரிசையும் போட்டிருக்கிறார். இந்த வகைப் படங்களைப் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்ப்பவன் நான். அந்த வரிசையைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பேய்ப் படத்தில் பேய்க்கு ஒரு குறை இருக்கும். அதைத் தீர்த்துவைத்தால் போய்விடும். கொலைகாரன் என்றால் காலில் விழுந்து கெஞ்சியாவது பார்க்கலாம். ஏறிவரும் வெள்ளத்திடம் என்ன பேசுவது? நாம் அங்கே நிற்பதே அதற்குத் தெரியாது. இந்தப் படங்கள் தரும் பயத்தின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். இயற்கைக்குக் கோபம், வன்மம், திட்டம் என்று மனிதக் குணங்களை ஏற்றிவிட்டால் அது நமக்குப் பழகிப்போன ஒரு வில்லனாகிவிடுகிறது. வில்லனை ஜெயிக்க வழி உண்டு என்பது பார்வையாளருக்குத் தெரியும். அதோடு பயம் விட்டுப்போகிறது.

'பழிவாங்கல்' என்ற கருத்துக்கு எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டும் படம் ஆஸ்திரேலியாவின் 'லாங் வீக்எண்ட்' (1978). இயக்கியவர் காலின் எகிள்ஸ்டன். கட்டுரையாளரும் அதையே சொல்கிறார். அந்தப் படத்தை நிதானமாகப் பார்த்தால் நடப்பது வேறு. விடுமுறைக்காக ஒரு தம்பதி ஆளில்லாத கடற்கரைக்குக் காரில் போகிறார்கள். வழியில் கணவன் அணைக்காத சிகரெட்டைக் காட்டோரம் வீசுகிறான். இருட்டில் ஒரு கங்காருவை அடித்துவிட்டுப் போகிறான். கூடாரம் போட்ட இடத்தில் காரணமே இல்லாமல் ஒரு மரத்தைக் கோடரியால் கொத்துகிறான். மனைவி கழுகின் முட்டையை மரத்தில் எறிந்து உடைக்கிறாள். கடலில் ஏதோ கரிய உருவம் தெரிந்ததும் சுறா என்று நினைத்து அவன் சுடுகிறான். அது ஓர் ஆவுளியா, அதாவது கடல்பசு. செத்துக் கரை ஒதுங்குகிறது.

இதற்குப் பிறகுதான் படம் உச்சத்துக்குப் போகிறது. அந்த உடல் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கூடாரத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் கிடப்பதுபோலத் தெரிகிறது. அவன் மண்ணைத் தள்ளி மூடிப் பார்க்கிறான், பலனில்லை. அது நகர்வதைக் கேமரா ஒரு தடவைகூடக் காட்டுவதில்லை. அலை தள்ளியதா, அவன் கண்தான் பொய் சொல்கிறதா, வேறு ஏதாவதா என்று படம் வாயே திறப்பதில்லை. கிளம்பிவிடலாம் என்று மனைவி கெஞ்சுகிறாள். அவன் வீம்புக்கு இருக்கிறான். அந்த இருவரின் திருமணம் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே உடைந்துபோன ஒன்று. கார் இருக்கிறது, வந்த பாதை இருக்கிறது, நியாயமாகப் பார்த்தால் முதல் ராத்திரியே திரும்பியிருக்கலாம். அவர்களைக் கட்டிப்போட்டது அவர்களுடைய சண்டை. காடு செய்ததெல்லாம் ரொம்பக் கொஞ்சம். இதைப் 'பழிவாங்கல்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோனால், அந்தப் படம் கணவன் மனைவியைப் பற்றிச் சொல்வது முழுக்கத் தவறிப்போகும்.

தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பார்வை அந்நியமானது இல்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், "முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப் பாலை என்பதோர் படிவம் கொள்ளும்" என்று இளங்கோ பாடுகிறார். காடும் மலையும் வெயிலில் தம் இயல்பு கெட்டு, நடுங்க வைக்கும் துயர் தரும் பாலையாகின்றன. யார் மீதும் பகை வைத்து அவை அப்படி ஆகவில்லை. ஆனால் நடந்து போகிறவர்களுக்கு அந்த வழி அத்தனை கொடுமையானது.

கட்டுரையாளர் கடைசி இடம் கொடுத்திருக்கும் 'ஓபன் வாட்டர்' (2003) பற்றியும் சொல்லியாக வேண்டும். "சுறா வருவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது" என்பது அவர் கருத்து. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில் ஸ்கூபா டைவிங் போன ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பியது. அவர்கள் காணாமல் போனது தெரியவே இரண்டு நாளாயிற்று. படகில் கிடந்த அவர்களுடைய பையைப் பார்த்த பிறகுதான் தேடல் தொடங்கியது. இருவரும் கிடைக்கவே இல்லை. அதைத் தழுவி கிறிஸ் கென்டிஸ், லாரா லாவ் என்ற தம்பதி சொந்தக் காசைப் போட்டு எடுத்த படம் இது. கிராஃபிக்ஸ் சுறா கிடையாது. நடிகர்கள் நிஜச் சுறாக்களுக்கு நடுவே நிஜக் கடலில், நீச்சல் உடைக்குள் இரும்புவலைக் கவசம் அணிந்து மிதந்தார்கள்.

அந்தப் படத்தில் முக்கியமானது சுறா வருவதற்கு முந்தைய நேரம்தான். தலை எண்ணுவதில் ஒரு சின்னப் பிழை, படகு போய்விடுகிறது. முதலில் இருவரும் பதறுவதே இல்லை, திரும்பி வந்துவிடுவார்கள் என்று நம்புகிறார்கள். தூரத்தில் வேறு படகுகள் தெரிகின்றன, கையசைக்கிறார்கள், யாரும் பார்ப்பதில்லை. பிறகு குமட்டல், தாகம், குளிர், ஜெல்லி மீன் கடி. அப்புறம் சண்டை. இந்த இடத்துக்கு வரவேண்டும் என்று சொன்னது யார், பனிச்சறுக்குக்குப் போகலாம் என்று நான் சொன்னேனே என்று நடுக்கடலில் இருவரும் கத்திக்கொள்கிறார்கள். மரணத்துக்கு அத்தனை பக்கத்தில் நின்றுகொண்டு மனிதர்கள் விடுமுறைத் திட்டத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள் என்பதை நான் நம்புகிறேன். எந்த மிருகப் படமும் எனக்கு இவ்வளவு கிலி தந்ததில்லை. சுறாக்கள் வருகின்றன, சுற்றுகின்றன, காலில் இடித்துப் பார்க்கின்றன, போய்விடுகின்றன, மறுபடி வருகின்றன. அவை அந்தக் கடலில் வசிக்கின்றன, அவ்வளவுதான்.

'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' (1999) சூனியக்காரி படம் என்று பெயர் வாங்கிவிட்டது. அதில் என்னை ஆட்டிவைத்தது சூனியக்காரி அல்ல, ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு மரக்கட்டை. சூனியக்காரியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் காட்டுக்குள் போன ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் வழி தவறுகிறார்கள். வரைபடம் போய்விட்டது. அதை ஓடையில் எட்டி உதைத்துத் தள்ளியதே கூட வந்த ஒருவன்தான். பிறகு மூவரும் பகல் முழுக்க ஒரே திசை பார்த்து நடக்கிறார்கள். சாயங்காலம் வந்து நிற்பது காலையில் தாண்டிய அதே கட்டைக்கு முன்னால். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்று சும்மா சொல்லிவிடுகிறோம், அந்தப் பெண்ணின் அழுகையைக் கேட்டால்தான் அது என்னவென்று புரியும். நடிகர்களின் களைப்பும் பாதி நிஜம். கேமராவை அவர்களே தூக்கிக்கொண்டு காட்டில் நடந்தார்கள். அன்றன்றைய குறிப்புகளை ஃபிலிம் டப்பாவில் வைத்துவிட்டுப் போவார்கள் இயக்குநர்கள். சாப்பாட்டையும் நாளுக்கு நாள் குறைத்தார்கள்.

வட்டமடித்துத் திரும்பி வருவதற்குச் சூனியம் தேவையில்லை என்பது இன்னும் பெரிய திகில். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சொல்கிறது. ஜெர்மனியில் ஒரு பெரிய காட்டிலும் சகாரா பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராகவே போனார்கள். மேகம் மூடியதும் காட்டில் நடந்தவர்கள் தாங்கள் திரும்புகிறோம் என்பதே தெரியாமல் வட்டமடித்து, கடந்துவந்த தங்கள் பாதையையே மறுபடி வெட்டினார்கள். நேராகத்தான் போகிறோம் என்ற முழு நம்பிக்கையோடு!

சறுக்கும் படங்கள் எங்கே சறுக்குகின்றன என்பதும் இதிலிருந்தே தெரியும். 'தி ரூயின்ஸ்' (2008) நல்ல தொடக்கம் உள்ள படம்தான். ஒரு பழைய கோயில் மேட்டில் சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொள்கிறார்கள், தண்ணீர் தீர்கிறது, ஒருவனின் முதுகு உடைகிறது. அதுவரை மூச்சுமுட்டுகிறது. பிறகு அங்கே படர்ந்திருக்கும் கொடியின் பூக்கள் செல்போன் மணியைப் போல ஒலி எழுப்பி அவர்களை ஏமாற்றுகின்றன. அந்த நிமிடமே அது கொடியாக இல்லாமல் இலை போர்த்திய வில்லனாகிவிட்டது. இந்த வகையில் அடிக்கடி வரும் இன்னொரு குறையும் இந்தப் படத்தில் உண்டு. அந்த மண்ணில் வாழும் மக்கள் வில்லும் துப்பாக்கியும் ஏந்திப் பயணிகளை முறைப்பதற்கு மட்டுமே வருகிறார்கள். அந்த இடத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான், அவர்களுக்குப் பேச ஒரு வரிகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

'பழிவாங்கல்' என்ற சொல்லாடலால் வரும் கெடுதல் திரையோடு நின்றுவிடுவதும் இல்லை. 'ஜாஸ்' (1975) படத்தின் இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் வேலை செய்யாமல் மக்கர் செய்ததால்தான் ஸ்பீல்பெர்க் அதை வெகுநேரம் காட்டாமல் மறைத்தார். படமும் அதனாலேயே உயர்ந்தது. ஆனால் மக்கள் மனதில் தங்கியது மனிதனைக் குறிவைத்து வேட்டையாடும் ஒரு சுறா. மூலக்கதை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பிற்காலத்தில் சுறாக்களின் பாதுகாப்புக்காகவே பேசியும் எழுதியும் வந்தார். உலகம் முழுக்க, சீண்டாமலே நடக்கும் சுறா தாக்குதல்களில் ஆண்டுக்கு இறப்பவர்கள் சராசரியாக ஆறு பேர் அளவில்தான். மறுபக்கம், 1970க்குப் பிறகு திறந்த பெருங்கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. காரணம் அளவு மீறிய மீன்பிடிப்பு, சினிமா இல்லை. ஆனால் ஓர் உயிரை அரக்கன் என்று நம்பிவிட்ட பிறகு அது அழிகிறதே என்று வருத்தப்பட எத்தனை பேர் இருப்பார்கள்?

ஆசிரியரிடம் என் கோரிக்கை இதுதான். அடுத்து இப்படி ஒரு படத்துக்கு விமர்சனம் வரும்போது, மிருகம் எப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கார் எங்கே நிற்கிறது, கரை எவ்வளவு தூரம், கையில் எவ்வளவு தண்ணீர், பொழுது சாய எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் இயக்குநர் நமக்குத் தெரியவைத்தாரா என்று எழுதச் சொல்லுங்கள். இவை தெரிந்தால்தான் மாட்டிக்கொண்ட உணர்வு நமக்கு வரும். ஒலியைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். பின்னணி இசை அலறாமல், பூச்சிச் சத்தம் சட்டென்று நின்றுபோவதை வைத்தே நெஞ்சை அடைக்கவைக்கும் ஒலி வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் விமர்சனங்களில் வருவதே இல்லை.

கட்டுரையாளருக்கும் ஒரு வேண்டுகோள். 'ஓபன் வாட்டர்' படத்தை இன்னொரு முறை, விளக்கை அணைத்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அதற்குக் கடைசி இடம்தான் என்று தோன்றினால், ஏன் என்று விரிவாக எழுதுங்கள். ஆவலோடு படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்